தெற்கே விழும் நிழல்

இம்பெரியால் ஆற்றங்கரையில் செப்டம்பர் என்றால் விதைப்பு.
கிழங்கு இப்போதுதான் மண்ணுக்குள் போயிருக்கிறது.
ஈன்ற ஆடுகள் மழையில் நடுங்குகின்றன.
மாவு டின்னில் அடி தெரிகிறது.
வேதத்திலோ இது சேர்ப்புக்காலம்:
களமும் ஆலையும் நிரம்பியபின்
கூடாரம் கட்டி ஏழு நாள் மகிழச் சொன்ன மாதம்.

எருசலேமில் பழுக்கும்போது எங்களுக்குப் பூக்கிறது.
அங்கே முதற்கதிர் அசைக்கும் வாரம்
இங்கே ஆப்பிள் அழுகி விழும்.
நாற்பது வருடமாக இந்தத் தலைகீழ்க் காலண்டரோடு
குடித்தனம் நடத்துகிறேன்.

ஒத்தீலியா என்றால் தெரியாது,
ரொட்டிக்காரி என்றால் தெரியும் இந்தத் தெருவுக்கு.
ஏப்ரலில் ஒரு வாரம் கடையைச் சாத்துவேன்.
புளித்த மாவு ஒரு பொட்டு இருக்கக்கூடாது.
மேசை இடுக்கு, அடுப்பு மூலை,
செத்துப்போன செஃபெரீனோவின் கோட்டுப் பை வரைக்கும்
கோழி இறகால் துடைத்து எடுப்பேன்.
அந்தப் பையில் ஒருமுறை
காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று கிடைத்தது.
ஓரத்தில் அவர் பல் பதிந்திருந்தது.
அன்றைக்கே வெளியே போட்டிருக்கவேண்டும்.
ராத்திரி போடவில்லை.
மறுநாள் காலை போட்டேன்.
பண்டிகைக்கு அர்த்தம் என்ன என்று கேட்கிறவர்களுக்கு
இவ்வளவுதான் எனக்குச் சொல்ல வருகிறது.

இந்த வருடம் அப்னேர் வந்திருந்தான்.
புவேர்த்தோ மோன்டில் சால்மன் அறுக்கிற வேலை;
கையில் மீன்வாடை, வாயில் புதுச் சபையின் வசனம்.
"அதெல்லாம் நிழல், அம்மா.
நிஜம் வந்தாச்சு. இனி நிழல் எதுக்கு?
பஸ்கா ஆட்டுக்குட்டி அவர்தானே,
முதற்பலன் அவர்தானே,
இன்னும் எதுக்கு மழையில நனையணும்?"

நான் மறுக்கவில்லை. ஆட்டுக்குட்டி அவர்தான்.
கல்லறையிலிருந்து தூக்கி அசைத்த முதற்கட்டு அவர்தான்.
அது தெரிந்தேதான்
ஆற்றலரிக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தேன்.
பேரீச்சோலைக்கு எங்கே போவேன்?
பக்கத்து வீட்டு அரோமோ மரம் மஞ்சளாய்ப் பூத்திருந்தது,
இரண்டு ரொட்டி கொடுத்து நாலு கிளை வாங்கினேன்.

திட்டிக்கொண்டே அவனும் ஏணியை எடுத்தான்.
பிள்ளை நல்லவன்.
மத்தியானம் மழை விட்டு ஒரு கை வெயில்.
மேலே நின்று அவன் கயிற்றை இழுக்க
கீழே நான் பிசைகிற தட்டில்
அவன் நிழல் விழுந்தது.
எங்கள் பக்கம் சூரியன் வடக்கே நிற்கும்,
நிழல் தெற்கே சாயும்.
மோசே நடந்த மணலில் அது வடக்கே சாய்ந்திருக்கும்.
எந்தத் திசையில் சாய்ந்தால் என்ன,
ஆள் நிற்காமல் நிழல் விழுமா?
தலை நிமிராமலே பார்த்தேன்:
இடது தோள் சற்று இறக்கம், அப்பனுடையதைப் போல.
இந்த மாதிரி ஒரு நிழல்
வாசலில் நீண்டதைப் பார்த்துத்தான்
எத்தனை சாயங்காலம் எழுந்து கதவைத் திறந்திருக்கிறேன்.

அவனிடம் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பான்.

ராத்திரி மறுபடி மழை.
நட்சத்திரம் தெரிய இடைவெளி விடவேண்டும் என்பது
எங்கள் மூப்பர் பாய்னெமாலின் கண்டிப்பு.
நட்சத்திரம் இல்லை. இடைவெளி ஒழுகியது.
போன வருடக் கிழங்கில் மிச்சம் பதினொன்று,
சுருங்கி, கண்ணெல்லாம் முளைவிட்டு.
முளையைக் கிள்ளி வேகவைத்தேன்.
ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னேன் அவனை.
"எதுக்கு? இன்னும் ஒண்ணும் விளையலையே"
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
அதற்குத்தான், என்றேன்.
அறுத்தபின் நன்றி சொல்ல யாருக்கும் வரும்.
கல் புரட்டி மூடிய அந்தச் சனிக்கிழமையில்
வாயைத் திறக்க யாருக்கு வந்தது?

அவன் பதில் சொல்லவில்லை.
கண்ணை மூடினானா என்று நான் பார்க்கவில்லை.
கிழங்கில் உப்புப் போதவில்லை என்றான்.
பிறகு வாளியை இழுத்து
என் தலைமாட்டில், சொட்டு விழுகிற இடத்தில் வைத்தான்.
விடியும்வரை
அது நிரம்பிக்கொண்டிருந்தது.