நாலு கட்டை

ஆர்மோனியத்தில் உளுத்தது நாலு கட்டை.
அதில் ஒன்று இஞ்ஞாசியின் மோதிர விரல் விழும் இடம்.
வாதம் வந்து போன விரல்.
வந்தது போய்விட்டது என்கிறார் அவர்,
விரலுக்கு இன்னும் தெரியவில்லை.

மூஞ்சிக்கல்லில் போட்டோவுக்குச் சட்டம் போடுகிறவள் நான்.
கண்ணாடி வெட்டுவேன், மூலை சேர்ப்பேன்.
இது வேறு கணக்கு:
விரல் தளர்ந்தால் ஸ்பிரிங்கைத் தளர்த்த வேண்டும்,
தளர்ந்த ஸ்பிரிங் கனத்த கட்டையைத் தூக்காது.

சில்வர் ஓக் பார்த்தேன்.
இழைத்தால் புள்ளி புள்ளியாய் அழகு,
ஒரு வாரச் சாரலுக்கே வளைந்துகொண்டது.
சைப்ரஸ் வாசத்துக்கு மயங்கி
கணுவில் உளியின் வாயை உடைத்தேன்.
கடைசியில் தாண்டிக்குடியிலிருந்து
காப்பி மூட்டைகளுக்கு நடுவே, சவரியின் ஜீப்பில்
முள்ளுமுருக்கு.
மிளகுக் கொடிக்கு முதுகு கொடுத்த மரம்.
வாங்கிய கை
இன்னும் வாங்காதது போல் இருந்தது.

நகத்தால் அழுத்தினேன்.
பிறையளவு பள்ளம்.
மரமா இது, ரொட்டியா?

ரொட்டி என்றே வைத்துக்கொண்டு
உம்மர் பேக்கரி அடுப்பின் மேல் அடுக்கினேன்.
பதினொரு நாள்.
வெளியே எதிர்வீடு தெரியாத மூடுபனி,
உள்ளே ஈரம் விட்டுச் சுண்டியது முருக்கு.

அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து
கஞ்சித் தண்ணீர் போல் நீர்க்க ஆக்கி
முதல் பூச்சு. குடித்துவிட்டது.
இரண்டாவது. அதையும்.
மூன்றாவதற்குத்தான் முகம் கொஞ்சம் மினுங்கியது.
ஒவ்வொன்றும் காய்ந்ததும் ஜன்னத் கடைக்கு ஓடி
ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைப்பேன்.
ஒன்பது கிராம். ஒன்பதரை. பத்து.
"வாங்கவும் மாட்டே, விற்கவும் மாட்டே" என்றாள் ஜன்னத்.

பதினொன்றில் நிறுத்தினேன்.
இன்னும் இரண்டு பூச்சு பூசினால் கல்லாகும்.
கல்லை யார் தூக்குவது?
அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன்:
நகம் பதித்த பிறை இருந்தது.
இப்போது அழுத்தினால் நகம் வலிக்கிறது.
பள்ளம் பள்ளமாகவே கெட்டிப்பட்டுவிட்டது.

ஞாயிறு பூசைக்கு முந்தின மாலை
இஞ்ஞாசி வந்து துருத்தியை அசைத்தார்.
மூன்று விரலால் வாசித்தார்.
மோதிர விரல் ஓரமாய், விருந்துக்கு அழைக்காத உறவுபோல்.
இத்தனை பாடும் அதற்காகத்தான் என்று
சொல்ல வாய் வரவில்லை எனக்கு.

நடுவில் இருமினார்.
இருமலில் நழுவி அந்த விரல் விழுந்தது.
சுரம் எழும்பியது, கொஞ்சம் கரகரப்போடு.
அவர் விரலை எடுக்கவில்லை, மறந்திருப்பார்.
கட்டைதான் எழுந்தது,
விரலையும் தூக்கிக்கொண்டு.

"நிறம் ஒத்துப்போகலையே" என்றார்.
ஒரு கட்டைக்கு நூற்றிருபது கேட்டேன்.
நூறு கொடுத்தார்.