விதி ஏழு

காட்டுக்குள் அது இருப்பது
பார்க்கத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.
இடுப்புயரம்கூட இல்லாத மண்மேடு,
ஒட்டினாற்போல் தூர்ந்துபோன அகழி.
ஓக் மரங்களுக்கிடையே வளைந்து போய்
தொடங்கிய இடத்தை எட்டாமலே நின்றுவிடும்.
ஓட்டர்ஸ்ப்ரோன் ஊர்க்காரர்கள்
நாயோடு வந்து அதன்மேல் ஏறி இறங்கிப் போவார்கள்.

ஜனவரிப் புயலில்
மேட்டின்மேல் நின்ற ஒரு ஸ்ப்ரூஸ் சாய்ந்தது.
வேர்த்தட்டு என்னைப்போல் இரண்டாள் உயரம்
செங்குத்தாய் எழுந்து நிற்க,
கீழே வாய் பிளந்து கிடந்தது
ஆறாயிரம் ஆண்டாய் வெயில் படாத மண்.

வெட்டுவது என் வேலை.
அதற்கு முன் தொல்லியல் துறையின் கடிதம் வந்தது.
பதினோரு விதிகள்.
நிலம் உறைந்த பிறகே வரவும்.
சக்கரம் எதுவும் மேட்டைக் கடக்கக் கூடாது.
ஏழாவது:
எக்காரணம் கொண்டும் தோண்டக் கூடாது.

உறைபனிக்காக மூன்று வாரம் காத்திருந்தோம்.
மூன்று வாரமும் மழை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மண் ஓடாய் இறுகியிருந்தது.
திருமதி ஹேகலே தூரிகையோடு மண்டியிட்டு
வேர்களுக்கிடையே இருந்து ஒரு பானைச்சில்லை எடுத்தார்.
விளிம்பில் வரிசையாய் விரல் அழுத்திய பள்ளங்கள்.
என் விரல் அதில் அடங்கவில்லை, அவருடையதும்.
பதினான்கு வயதுப் பெண்ணாக இருக்கலாம் என்றார்.
உடனே,
அப்படிச் சொல்ல ஆதாரமில்லை என்று திருத்திக்கொண்டார்.

கோட்டையா இது?
எட்டு வாசல் வைத்து யாரைத் தடுப்பது.
மாடு அடைக்கவா?
இருக்கலாம்.
சாமிக்கா?
இருக்கலாம்.
முப்பது வருடம் இதையே படித்தவர்
தெரியாது என்று சொல்லும்போது
ஏனோ எனக்கு நிம்மதியாக இருந்தது.

அகம் என்றும் புறம் என்றும்
பிரித்துப் படித்தவள் நான்.
அந்த எட்டு இடைவெளிகளிலும் மாறி மாறி நடந்தேன்.
எது உள்ளே என்று கால்
கடைசிவரை சொல்லவில்லை.

ரம்பத்தை முடுக்கினேன்.
பாரம் அறுந்த நொடியில்
வேர்த்தட்டு மெல்ல அசைந்து,
யோசித்து,
தொப்பென்று தன் குழியிலேயே விழுந்தது.
எட்டு வாசல் உள்ள இடத்தில்
ஒன்பதாவது ஒன்று
அறைந்து சாத்திக்கொண்டது.
அடிமரம் மட்டும் நேராய் நின்றது,
ஒன்றும் நடக்காதது மாதிரி.

கருவிகளை எண்ணினேன்.
ரம்பம், கோடரி, தலைக்கவசம், பெட்ரோல் டப்பா.
ஆப்பு மூன்றில் ஒன்றைக் காணோம்.
ஆரஞ்சு நிற பிளாஸ்டிக்.
ஃபோல்க்மார் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாதிருக்க
மார்க்கரால் ‘கௌ’ என்று எழுதியிருந்தேன்.
குழியின் விளிம்பில்தான் வைத்திருந்தேன்.

ஹேகலே அடிமரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
விதி ஏழு என்றார்.
சிரிக்கவில்லை.
பென்சிலை நாக்கில் நனைத்துக் குறிப்பேட்டில் எழுதினார்:
ஆப்பு, ஒன்று. நெகிழி.
மேலே ஒரு குறி, பொருள் விளங்கவில்லை.
நிலை: பாதுகாக்கப்பட்டது.

அதன் விலை ஒன்பது யூரோ.
மாதக் கடைசியில் பிடித்துக்கொண்டார்கள்.