எடைச்சீட்டு

போன தையில் ஏழரைக்கு வந்த வெயில்
இந்தத் தையில் நான்கு நிமிடம் முந்தி
என் கன்டெய்னர் ஜன்னலில் விழுகிறது.
சூரியன் மாறவில்லை. மலை குட்டையாகிவிட்டது.

ராஸ் அல் கைமா மலையோரம், கல் குவாரியில்
நான் எடைமேடைக் கணக்கன்.
வெறும் லாரி பதினெட்டு டன்,
நிறைந்து வந்தால் அறுபத்திரண்டு.
கழித்து எழுதுவதே வேலை.
கழித்ததெல்லாம் கடற்கரை நகரத்துக்குப் போகிறது.
அங்கே கடலுக்குள் புதிதாய் ஒரு தீவு.
போன மாதம் அலையடித்த இடத்துக்கு
இந்த மாதம் பெயர்ப்பலகை, பேரீச்சை, சிக்னல்.

பெஷாவர் குல்ஸமான், பதிமூன்றாம் நம்பர் லாரி,
சிரிக்காமல் சொன்னான்:
"மலை தெரியும் அறைக்கு அங்கே வாடகை கூடுதல்."
சொல்லிவிட்டு அடுத்த லோடு ஏற்றப் போனான்.

மலையடியில் இருபத்தேழு வீடு.
தலைக்கு மேல் தடித்த கம்பிகள்
மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுபோகின்றன,
கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.
தண்ணீர் டேங்கர் செவ்வாயும் வெள்ளியும்.
மதியம் வெடி வைத்தால்
அலமாரிக் கிண்ணங்கள் தாமாகப் பேசும்.
சுவர் விரிசலுக்குக் கம்பெனி சிமென்ட் கொடுக்கும்,
வீட்டுக்கு இரண்டு மூட்டை.

நேற்று கமீஸ் வந்தார், அந்த ஊர்க்காரர்.
பிக்கப்பில் கட்டில், ஏ.சி., சுருட்டிய கம்பளம்,
கூண்டில் இரண்டு கோழி,
கழற்றி எடுத்த கதவு ஒன்று.
மேடையில் வண்டியை ஏற்றிவிட்டு
"வீட்டை நிறுத்துச் சொல்" என்றார்.
நகரத்தில், விமான நிலையத்துக்குப் பின்னால்,
மகன் பிடித்திருக்கும் மூன்றாம் மாடிக்காம்.

வண்டி போக எழுநூற்று நாற்பது கிலோ.
சீட்டடிக்கப் பொருளின் பெயர் கேட்டது கம்ப்யூட்டர்.
அதற்குத் தெரிந்தவை மூன்று:
பாறை, ஜல்லி, பொடி.
அவரிடம் கேட்கவில்லை. ஜல்லி என்று அழுத்தினேன்.
சேருமிடம் தீவு என்று அதுவே போட்டுக்கொண்டது.
பத்து திர்ஹாம் கட்டணம். வாங்கினேன்.
அவர் சீட்டை நான்காய் மடித்து
நெஞ்சுப் பையில் வைத்தார்,
ஏதோ பத்திரம் மாதிரி.

ஷிப்ட் முடிந்து, யாருமில்லாதபோது
நானும் மேடையேறி நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாய் அறுபது.
போன வாரம் கிளினிக்கில் நான் அறுபத்தெட்டு.
இருபது இருபதாகத்தான் இதற்கு எண்ண வரும்.

எந்தச் சீட்டிலும் விழாத எட்டுக் கிலோவோடு
இறங்கி நடந்தேன்.
கேம்ப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.