தராசில் ஒரு வெங்காயம்

சமையலறைத் தரையில் ஏழு நாள்கள் கிடக்கின்றன,
நாளுக்கொரு ஜிப் பை.
வியாழன் எழுநூற்றெண்பது கிராம்.
வெள்ளி எழுநூற்றைம்பது.
ஞாயிறு கனக்கிறது. மார்லிஸ்
அதிலிருந்து பாதாமை எடுத்துத் தின்று
எடையைக் குறைக்கிறாள்.

இரண்டு நாளாய் ஓடுகிறது உலர்த்தி.
மூன்று கிலோ மாட்டுக் கொத்துக்கறி
ஒரு தொப்பி நிறையச் சரளைக்கல்லாகிவிட்டது.
திரைச்சீலையில் பூண்டு வாடை,
நாயின் காதிலும்.

போன அக்டோபரில், ஐடஹோ முகட்டில்,
பனி எங்களை இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டது.
கடைசி ஓட்ஸைப் பங்கிட்டபோது
பெரிய பங்கை அவள் என் பக்கம் தள்ளினாள்.
பார்க்காததுபோல் தின்றேன்.
அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.

"எல்க் விழுந்தா இறங்கும்போது நாப்பது கிலோ முதுகுல,
ஏறும்போதே எதுக்குச் சுமக்கணும்?" என்பாள்.
பல் தூரிகையின் பிடியைக்கூட
அறுத்துப் போட்டவள்.

வண்டிக்கு பெட்ரோல் போட அவள் போன நேரம்
தராசில் ஒரு வெங்காயம் வைத்தேன்.
நூற்று நாற்பத்திரண்டு.
எந்தக் கிழமையிலும் அதற்கு இடமில்லை.
கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி
என் பையின் அடியில் திணித்தேன்.
பச்சை வெங்காயத்தை ஆப்பிள்போலக் கடிப்பாள் அவள்.

வந்தவள் பையைத் தூக்கிப் பார்த்தாள்.
"கனக்குதே."

தோட்டா, என்றேன்.