ஒரு புள்ளி கூடுதல்

புதுவயல் பேருந்து நிறுத்தத்தில்
இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே
அப்பத்தாவைக் கட்டியிருந்தார்கள்.
எட்டுக்குப் பத்து.
ரேஷன் கார்டுக்கு எடுத்த முகம்,
பின்னால் யாரோ சேர்த்த நீல மேகம்.
கீழே பெரிய எழுத்தில்
சே. பெரியநாயகி
இடைநிலை ஆசிரியை, ஓய்வு
இயற்க்கை எய்தினார்.

க்.
வேண்டாத ஒரு க்.

முப்பத்து நாலு வருஷம்
ஒரே அறையில் ஐந்து வகுப்புகளுக்கும்
அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்:
'றன்னா தலையில புள்ளி வச்சாச்சா,
பக்கத்துல நிக்கிறவன் தலையில வைக்காதே.
ரெண்டு பேரும் முட்டிக்குவாங்க.'
முயற்சியில் முட்டாமல்
பயிற்சியில் முட்டாமல்
தப்பித்த பிள்ளைகள்
அரிசி மில்லுக்குப் போனார்கள்,
சிங்கப்பூர் போனார்கள்,
ஒருத்தி தேவகோட்டைத் தாலுகா ஆபீசில்
பட்டா எழுதுகிறாள், பிழையில்லாமல்.

நேற்றிரவு பேனர் கடையிலிருந்து
வயிரவன் போனில் கேட்டான்:
'தோற்றம் என்ன தேதி போடறது?'
பென்ஷன் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன்.
ஜூன் ஒன்று, நாற்பத்திரண்டு.
'அட, டீச்சருக்குமா?'
சிரித்துவிட்டான். பிறகு
சிரித்ததற்காக ரொம்ப நேரம் பேசாமலிருந்தான்.

அந்தக் காலத்தில் பாதி ஊருக்கு
ஜூன் ஒன்றுதான் பிறந்த நாள்.
வலது கை தலையைச் சுற்றி
இடது காதைத் தொட்டால் வயது ஐந்து.
பேனாவை உதறி எழுதிவிடுவார்கள்.

அவள் கைக்குப் பதிவேடு வந்த பிறகு
அப்படி எழுதவில்லை.
தாய்களைப் பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டாள்.
நடவா, அறுப்பா?
கொப்புடையம்மன் தேருக்கு முன்னாலயா, பின்னாலயா?
வலி எடுத்தப்ப எந்த மில்லுச் சங்கு ஊதுச்சு?
வயிரவனின் அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
'மூணு நாளு கரண்டு இல்ல டீச்சர்.
வாசல்ல தண்ணி நின்னுச்சு.'
அவள் மில்லுக்கு நடந்தே போய்
கணக்குப்பிள்ளையிடம் பழைய நோட்டை வாங்கி
மில் ஓடாத நாட்களைத் தேடி
வந்து எழுதினாள்:
நவம்பர் பதினேழு.
அன்றுதானா என்று யாருக்குத் தெரியும்.
ஆனாலும் அது அவனுடையது.

'உன் தேதியை ஏன் தேடலை?'
ஒருமுறை கேட்டேன்.
அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:
'எங்கம்மாவை யாரும் உக்கார வைக்கலையே.'

வீட்டில் அவள் அத்தனை நல்லவளில்லை.
அப்பாவின் கல்யாணத்தன்று
காலை மணி அடித்துவிட்டுத்தான் வந்தாளாம்.
விடுதியிலிருந்து நான் எழுதிய கடிதங்கள்
சிவப்பு மையோடு எனக்கே திரும்பி வரும்.
பத்துக்கு ஆறு. பத்துக்கு ஏழரை.
மொத்தம் பதினொன்று வைத்திருக்கிறேன்.
பத்துக்கு நாலு போட்ட ஒன்றில் மட்டும்
ஓரத்தில், பென்சிலில்:
காய்ச்சல் விட்டதா?

காட்டிலிருந்து திரும்பி
தலை ஈரத்தோடு வந்து நின்றேன்.
மில்லில் நெல் அவிகிற வாசனை.
டவுன் பஸ் ஒன்று அவள் முகத்தை மறைத்து நின்று
ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.
யாருக்கும் க் தெரியவில்லை.
அல்லது தெரிந்தும்
சாவு வீட்டில் எதற்கு என்று போனார்கள்.

பொழுது சாய வயிரவன் வந்தான்.
யாரும் சொல்லியிருக்கவில்லை.
மில்லிலிருந்து ஏணி,
சட்டைப் பையில் பிளேடு.
என்னைப் பார்க்காமல் ஏறினான்.
சதுரமாக வெட்டினான், புள்ளியோடு சேர்த்து.
வெட்டியதைக் கீழே போடாமல்
பையில் வைத்துக்கொண்டான்.
ஓட்டை வழியே
மில் புகைபோக்கியில் கொஞ்சம் தெரிந்தது.

பிளேடு அப்புறம்
ஜூன் ஒன்றின் மேல் போய் நின்றது.
அங்கேயே இருந்தது கொஞ்ச நேரம்.
இறங்கிவிட்டான்.

'காத்துக்கு ஓட்டை விட்டீகளாக்கும்,
நல்லதுதான், கிழியாது'
என்றார் டீக்கடைக்காரர்.
ஆமாம் என்றான் வயிரவன்.
மூன்று டீ சொன்னான்.
நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.