விதைப்புக்கு முன்

டெல்லியில் நள்ளிரவு.
ரோஸ்டவுனில் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம்.
மணிக்கூட்டை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளாத மாகாணம் இது,
கணக்குச் சுலபம்.
அவர்கள் படுக்கப் போகுமுன் போட்ட கையெழுத்து
நான் சோற்றுப் பெட்டி திறக்கையில் வந்து சேர்ந்தது:
மசூர்ப் பருப்புக்கு முப்பது வீத வரி,
இந்த நிமிடத்திலிருந்து.

பூச்சியம் ஏழு, பதின்மூன்று, நாற்பது.
பருப்புக்கு உலகச் சுங்கம் வைத்த பெயர்.
மகனின் தொலைபேசி எண் மறந்தாலும்
இது விரலுக்கு மறக்காது.

வான்கூவரில் ஏற்றிய இருபத்திரண்டு கொள்கலன்கள்
இப்போது நடுக்கடலில்.
கொழும்பில் கப்பல் மாறித் தூத்துக்குடி போகும்.
பத்தொன்பது வருடமாய் நான் போகாத கொழும்பில்
என் கையெழுத்து மட்டும்
விசா இல்லாமல் இறங்கி ஏறும்.

இரண்டு மணிக்கு ஓரெஸ்ட் பவ்லிஷின் வந்தார்.
சப்பாத்துப் பனியைத் தட்டவில்லை,
கதிரையில் இருக்கவில்லை.
"உன்னுடைய ஆட்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள், தர்மினி?"

என்னுடைய ஆட்கள்.
வவுனியா எந்த நாட்டில் என்று
ஒருமுறை வரைபடம் வைத்துக் காட்டியிருக்கிறேன்.
இன்று காட்டவில்லை.
மே மாதம், விதைக்கலாமா என்று கேட்டபோது
வரி இல்லை, விதையுங்கள் என்று சொன்னவள் நான்.
அன்றைக்கு அது உண்மை.

அவருக்கு நான் சொல்லாத ஒருத்தி இருக்கிறாள்.
மத்தியப் பிரதேசத்தில் எங்கோ, இரண்டு ஏக்கர்,
இதே பருப்பு.
ஓரெஸ்டின் விதைப்பு இயந்திரம்
வரப்போரம் ஒருமுறை திரும்ப எடுக்கும் இடம்
அவளுடைய மொத்த நிலம்.
நாங்கள் மலிவாய் இறக்கிய வருடம்
சாக்கை அவிழ்க்காமலே
சந்தையிலிருந்து திரும்பியிருப்பாள்.
அவளை நான் கண்டதில்லை.
விலைப்பட்டியலில் ஒரு தசமம் இறங்கும்போதெல்லாம்
அவள்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒட்டாவாவிலிருந்து ஒரு படிவம் வந்து கிடந்தது:
வேளாண் வர்த்தக விதிகளைச் சீர்திருத்த உங்கள் கருத்து.
ஐந்நூறு எழுத்து, இடைவெளியும் சேர்த்து.
அவர் சொல்ல நான் தட்டினேன்.
'எல்லா வரியையும் எடு.'

"எல்லாவற்றையுமா?
உங்கள் மைத்துனரின் பாலுக்கு
எல்லையில் கட்டியிருக்கிற மதிலையுமா?"
மனிடோபாவில் அறுபது மாடு அவருக்கு.
ஓரெஸ்ட் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் ஒரு ரயில், பெட்டி பெட்டியாய்,
முடிகிற மாதிரி இல்லை.
"அழி" என்றார்.

அழித்தேன்.
பிறகு நான் சொல்ல நானே தட்டினேன்:
கூட்டுவதானாலும் குறைப்பதானாலும்
விதைப்புக்கு முன் சொல்.
மண்ணுக்குள் போன பிறகு மாற்றாதே.
கப்பலில் ஏறியதைத் துரத்தாதே.
இரு பக்கத்து விவசாயிக்கும் இதே விதி.

"இரு பக்கமா? யார் அந்தப் பக்கம்?"
சொன்னேன்.
இரண்டு ஏக்கர் என்றதும்
கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"அவள் எப்போது விதைப்பாள்?"
"ஐப்பசியில்."
"நான் மே மாதம்.
அப்படியென்றால் எந்த விதைப்புக்கு முன்?"

இதை நான் யோசிக்கவில்லை.
இன்னும் முப்பத்தொரு எழுத்து மிச்சம் என்றது திரை.
அதற்குள் இரண்டு நாட்காட்டி அடங்காது.
"அனுப்பு, அவர்கள் யோசிக்கட்டும்.
அதற்குத்தானே சம்பளம்" என்று
அவரே விரல் நீட்டி அழுத்தினார்.
போகும்போதுதான்
சப்பாத்தைத் தட்டினார், வாசலில், வெளியே.

ஐந்தரைக்கு இருட்டிவிட்டது.
தூத்துக்குடியிலிருந்து அழைப்பு.
அங்கே விடிகாலை ஐந்து, பின்னால் ஒரு சேவல்.
"மேடம், சரக்கு வருது, சந்தோஷம்.
இந்த முப்பது சதவீதத்தை யாரு கட்டுறது?"

ஒப்பந்தத்தைத் திறந்து
ஒன்பதாம் பத்திக்குப் போனேன்.
நான் தட்டச்சு செய்ததுதான்.
முதல் தடவையாக
நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.