அரைப் பேர்

கொழும்பில் ஒழுங்காய் ஓடின மெஷின்
நுவரெலியா ஏறியதும் இருமியது, கரும்புகை.
பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி.
ஆறாயிரம் அடியில் காற்று மெலிவு,
பெற்றோல் மட்டும் பழைய கணக்கிலேயே இறங்குகிறது.
காபரேட்டர் திருகைக் கால் சுற்று இறுக்கினேன்.
மூன்றாவது இழுவைக்குக் கயிறு சொன்னது கேட்டது.

இறங்கும் பிஸ்டன் மூச்சை இழுக்கிறது.
ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும்.
அந்த மூச்சு ஒரு மூலைக்கு நெருங்கிக்கொள்கிறது,
லயத்துக் காம்பராவில் நாங்கள் ஏழு பேர் மாதிரி.
பொறி.
அந்த ஒரு தள்ளில்தான் பங்களாப் புல் விழுகிறது.
திரும்ப ஏறி, புகையைத் துப்பிவிட்டு,
முதலிலிருந்து.

நாலு நடையில் ஒன்றுதான் வேலை.
கணக்கப்பிள்ளை பார்த்தால் கால் பேர் போடுவார்.
மீதி மூன்றையும் கனத்த பிளைவீல்
வாங்கின ஒரு வெடியை வைத்தே
சுமந்து தீர்ப்பது
அவர் செக்ரோலில் வராது.
வால்வைத் திறந்துவிடும் காம் தண்டு
இரண்டு சுற்றுக்கு ஒரு சுற்று.
அதற்கு அரைப் பேர்.

நேற்று சந்திரவதனிக்கும் அரைப் பேர்.
பதினெட்டுக் கிலோவுக்கு இரண்டு குறைவு.
அவள் மலை ஏறி இறங்கியதை
எந்தத் தராசில் வைக்க?

ஈரப்புல் கத்தியில் அடைத்தது.
மெஷினை நிறுத்தி
முதலில் பிளக் வயரைப் பிடுங்கினேன்.
மேலே, மூடுபனிக்குள்,
நிறுவைக்குக் கூப்பிடுகிறார்கள்.